மேல்மாடிக்குப் போகாத கடிதங்கள்

1

புகார்க் கடிதம் எழுதுவதில் எனக்கு நல்ல கை உண்டு. ஜெர்மனிக்கு வந்த இந்தப் பதினோரு வருஷத்தில் தண்ணீர்க் கட்டணத்துக்கு, நேரத்துக்கு வராத பஸ்ஸுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் காலங்காத்தாலே சருகு ஊதும் மெஷினுக்கு என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். இங்கே வாயால் சண்டை போட்டால் காரியம் நடக்காது. தாளில் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டு அனுப்பினால் மூன்று வாரத்தில் மரியாதையாகப் பதில் வரும்.

அப்படி எழுதிய கடிதங்களில் ஒன்றை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் முகம் சூடாகிறது. குழந்தைகளுக்குக் கதை சொல்லி மேற்கத்திய சங்கீதம் கற்றுக்கொடுக்கிற ஒரு செயலி. அதைச் செய்த கம்பெனிக்கு, உங்கள் செயலி பழுது, என் பெண்ணை ஏமாற்றுகிறது என்று இரண்டு பக்கம் எழுதினேன். இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பிறந்தநாள் விருந்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். ஊரில் இருக்கிற உங்களிடம் சொல்வதில் எனக்கு வெட்கம் குறைவு.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். கார் பிரேக் செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். நல்லதாகத் தெரிகிற பொருளைக் கையில் எடுத்து, இதில் எங்கே கோளாறு இருக்கும் என்று தேடவேண்டும். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியைச் சாயங்காலம் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வர முடிவதில்லை. என் கணவர் பிரபுவைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்.

2

செயலியைக் கொண்டுவந்ததும் பிரபுதான். அவருடைய ஆபீசில் யாரோ சொன்னார்களாம். நாங்கள் இருக்கிற ஊரில், கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளை என்றால் ஷூ லேஸ் கட்டத் தெரிவதற்கு முன்னால் ஒரு வாத்தியம் தெரிந்திருக்கவேண்டும். எங்கள் மித்ராவுக்கு அப்போது ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு என்ன தெரியும் என்று பக்கத்து வீட்டம்மா என்னிடம் இரண்டு தடவை கேட்டிருந்தாள். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

கதை இதுதான். ஒரு நத்தை தபால்காரி. ஐந்து மாடி வீடு ஒன்றுக்குத் தினமும் கடிதம் கொண்டுபோகிறாள். மாடிக்கு ஒரு பிராணி, பிராணிக்கு ஒரு வாத்தியம். நிலவறையில் கரடி, அது செல்லோ என்கிற, காலுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலினை வாசிக்கும். மேலே போகப் போகச் சத்தம் மெலிந்துகொண்டே போகும். கடைசி மாடியில் ஓர் எலி, புல்லாங்குழலிலேயே ரொம்பச் சின்னதை வைத்து ஊதும். கதவெல்லாம் சாத்தியிருக்கும். வாத்தியச் சத்தத்தை மட்டும் வைத்து எந்த மாடி என்று கண்டுபிடித்துக் குழந்தை கடிதத்தை அந்தக் கதவில் போடவேண்டும். சரியாகப் போட்டால் கதவு திறந்து, பெரிய இசைமேதை ஒருவருடைய பாட்டில் ஒரு துண்டு வரும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் எடுத்த எடுப்பிலேயே மைக்கைத் திறந்துவிடு என்று கேட்டது. சங்கீதம் சொல்லிக்கொடுக்க வந்தவனுக்கு என் வீட்டில் பேசுகிற பேச்சு எதற்கு? மறுத்துவிட்டேன். கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். நிபந்தனைகள் பதினான்கு பக்கத்தையும் உட்கார்ந்து வாசித்தேன். பிரபு, "சுமதி, இது நத்தைக் கதை, நீ என்னமோ வீட்டுப் பத்திரம் பாக்கற மாதிரி பாக்கற" என்றார்.

ஒரு மாதத்தில் எனக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மேல்மாடி எலிக்கு மட்டும் கடிதமே போகவில்லை. எலி ஊதும். மித்ரா விரலைத் தூக்கியபடி காத்திருப்பாள். அப்புறம் கடிதத்தைக் கரடிக்கே போட்டுவிடுவாள். எலி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொள்ளும், கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும். மித்ராவும் சளைக்காமல் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

நானே போட்டுப் பார்த்தேன். கதவு திறந்தது. சரி, பெரியவர்கள் விரல் அழுத்தத்துக்குத்தான் திறக்கிறது, சின்ன விரலுக்குத் திறக்கவில்லை என்று எழுதி வைத்துக்கொண்டேன். இன்னொரு நாள் மித்ராவுக்கு எதிரே உட்கார்ந்து கவனித்தேன். அன்றைக்கு எலிக்குச் சரியாகப் போட்டாள். அப்படியானால் ஆள் பார்த்தால் ஒழுங்காக வேலை செய்கிறது, பார்க்காவிட்டால் ஏமாற்றுகிறது என்று அதையும் எழுதிக்கொண்டேன். தொழிற்சாலையில் ஒரு பிரேக் இப்படி நடந்துகொண்டால் நான் பிரேக்கை மட்டும் பார்க்கமாட்டேன், அதை மாட்டியிருக்கிற வண்டியையும் பார்ப்பேன். வீட்டில் அது தோன்றவில்லை.

மாதக் கடைசியில் பெற்றோருக்கு என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. 'வாழ்த்துகள்! உங்கள் மகள் ஆழமான நாதங்களை விரும்புகிறாள். செல்லோ அவளுக்கு மிகவும் பொருந்தும்.' கீழே செல்லோ வாடகைக்குக் கிடைக்கும் கடை, செல்லோ வகுப்பு, முதல் வகுப்பு இலவசம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேல்மாடிக் கதவை வேண்டுமென்றே மக்கராக்கி வைத்து, பிள்ளையைக் கரடிப் பக்கம் தள்ளி, அப்பனாத்தா தலையில் செல்லோவைக் கட்டுகிறார்கள். சும்மா விடுவேனா? இரண்டு பக்கம் எழுதினேன். அவர்கள், 'கருவியைச் சோதித்தோம், பழுதில்லை, குழந்தைகளின் ரசனை பலவிதம்' என்று பதில் போட்டார்கள். என் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று.

3

அதே சமயத்தில் பாலர் பள்ளியிலும் ஆரம்பித்தார்கள். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். இங்கே தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொல்கிற விஷயம் நல்லதாக இருந்ததில்லை.

பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துக் கதை வாசிக்கும்போது மித்ரா கவனிப்பதே இல்லையாம். தோட்டத்தில் விளையாடும்போது கூப்பிட்டால் சில சமயம் வருகிறாள், சில சமயம் வருவதில்லையாம். சொன்னதைச் செய்யாமல் பக்கத்துப் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்து அதையே செய்கிறாளாம். "வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் பதினோரு வருஷமாகக் காத்திருந்தேன் என்று சொல்லவேண்டும். தமிழ் என்றேன். இரண்டு மொழி பிள்ளையைக் குழப்புகிறதோ, வீட்டிலும் கொஞ்சம் ஜெர்மன் பேசிப் பாருங்களேன் என்றாள். என் மொழி உங்கள் வட்டத்தைக் கெடுக்கிறதா, வகுப்பில் இருக்கிற இத்தாலிப் பிள்ளையின் வீட்டில் இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். என் ஜெர்மன் கோபத்தில் உடைந்துபோகும். வினைச்சொல்லைக் கடைசியில் வைக்க மறந்துபோவேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. நான்கு வயதுப் பரிசோதனையில் காது பார்க்கிற அன்றைக்கு மித்ராவுக்குச் சளி. மூக்கு ஒழுகுகிறது, ஆறு வாரம் கழித்துக் காதை மட்டும் திரும்பப் பார்த்துவிடலாம் என்று டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படித்தான் ஏதோ பார்க்கிறேன் என்று கூப்பிட்டு, கடைசியில் பிள்ளையை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான மொழி வகுப்பில் போட்டார்கள். நான் அந்தக் கடிதத்தை டிராயரில் போட்டேன். நாளைக்குப் போகலாம் என்றுகூட நினைக்கவில்லை. வேண்டாம் என்று தெரிந்தேதான் போட்டேன்.

வீட்டில் மித்ராவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாள். சொன்னதைச் செய்தாள். சோறு என்பதற்குப் பதிலாக 'தோறு' என்றாள், ஊரில் இருக்கிற என் அப்பாவுடன் வீடியோவில் பேசினால் எல்லோரும் அதற்காகவே அவளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துச் சிரிப்போம். ஐந்து வயதில் அந்த மழலை இருக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

4

போன மே மாதம் லீவு போட்டுக்கொண்டு மித்ராவும் நானும் ஊருக்குப் போனோம். பிரபுவுக்கு லீவு கிடைக்கவில்லை. கோத்தகிரிக்கு அடுத்து, கட்டபெட்டுப் பக்கம் அப்பாவின் வீடு. அம்மா இறந்து நான்கு வருஷம் ஆகிறது. அப்பா தனியாகச் சமைத்து, அரை ஏக்கர் தேயிலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். ரிட்டயர் ஆகும்வரை முப்பத்திரண்டு வருஷம் ஒரே தேயிலை ஃபாக்டரியில், சி.டி.சி. ரூமில் வேலை. வாடிய இலையைப் பல்லு வைத்த உருளைகளுக்கு நடுவே விட்டு நறுக்கிச் சுருட்டுகிற மெஷின்கள் அங்கேதான் இருக்கின்றன. அந்த ரூமில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தால், மழை பெய்தால்கூடச் சத்தம் இல்லாமல் பெய்வதாகத் தோன்றும். அப்பா அங்கே முப்பத்திரண்டு வருஷம் நின்றார். காதில் பஞ்சுதான் வைத்துக்கொள்வார்கள்.

அந்த ரூமில் ஒரு சட்டம் உண்டு. ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது, பின்னாலிருந்து தொடவும் கூடாது. உருளை பக்கத்தில் கை இருக்கும்போது திடுக்கிட்டால் விரல் போய்விடும். பேச வேண்டியவன் சுற்றிக்கொண்டு முன்னால் வரவேண்டும். கையைக் காட்டவேண்டும். அவன் கண்ணைப் பார்த்த பிறகு தோளைத் தொட்டு, வாயை நன்றாகத் திறந்து, சத்தமாகச் சொல்லவேண்டும். டிரையர் சூடு என்றால் ஒரு விரல் ஜாடை, இலை வந்துவிட்டது என்றால் ஒன்று, மேனேஜர் வருகிறார் என்றால் மீசை ஜாடை. மேனேஜருக்கு மீசை இல்லாத காலத்திலும் மீசைதான்.

அப்பா அந்தச் சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் அடுக்களையிலிருந்து யாரும் யாரையும் கூப்பிடமாட்டோம். எழுந்து போய், முன்னால் நின்று, தோளைத் தொட்டு, வாயைத் திறந்து, சத்தமாகப் பேசுவோம். பின்னாலிருந்து கூப்பிட்டால் அம்மாவிடம் திட்டு விழும். கல்யாணமான புதிதில் பிரபு ஹாலிலிருந்து என்னைக் கூப்பிட்டபோது எனக்கு ஏதோ அவமரியாதை நடந்துவிட்டது போலக் கோபம் வந்தது. ஒரு வருஷத்தில் அவரையும் பழக்கிவிட்டேன். மித்ரா பிறந்த பிறகு அவளிடமும் அப்படித்தான். பெற்ற பிள்ளையை நான் ஒருநாளும் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. இங்கத்துத் தாய்மார்கள் போனைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளிடம் பேசுவதைப் பார்த்து உள்ளுக்குள் உதட்டைப் பிதுக்கியிருக்கிறேன்.

5

நாங்கள் போன ஐந்தாம் நாள் கோடை மழை பிடித்துக்கொண்டது. மித்ரா கட்டிலில் உட்கார்ந்து நத்தைக் கதையை வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தச் செயலியைப் பற்றி அவரிடம் குற்றப்பத்திரிகை வாசித்தேன். எலிக் கதவு, செல்லோ வியாபாரம் எல்லாம். அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். ஆனால் அவர் என் வாயைப் பார்க்கவில்லை. மித்ராவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வலது கைவிரலைத் தூக்கியபடி, இடது உள்ளங்கையை டேப்லட்டின் முதுகில் அழுந்த வைத்திருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் பிடிப்பாள். கீழே விழாமல் பிடிக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்பா எழுந்து எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏங்கண்ணு, பாப்பாவுக்குக் காது கேக்குதா?"

"நல்லா கேக்குதுங்கப்பா. உங்களுக்குத்தான் கேக்காது."

"எனக்குக் கேக்காதுங்கறதுனாலதான் கேக்கறேன். பேரிங் போகுதா இல்லியான்னு நாங்க மெசின் மேல கைய வெச்சுத்தான் பாப்போம். காதுல ஒண்ணும் தெரியாது. பாப்பா அதத்தான் பண்ணுது. வந்த நாள்ல இருந்து பாக்கறேன், என்ற மூஞ்சியப் பாக்கறதில்ல, வாயத்தான் பாக்குது."

எனக்குச் சுர்ரென்று வந்தது. டீச்சர் ஒரு பக்கம், கம்பெனிக்காரன் ஒரு பக்கம், இப்போது அப்பாவுமா? மித்ராவுக்குப் பின்னால் போய் நின்று, "மித்ரா" என்று கூப்பிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. அவள் உடனே திரும்பிச் சிரித்தாள்.

"பாத்தீங்களா?" என்றேன் அப்பாவிடம்.

அவர் அசையவில்லை. "எனக்கும் ஆளு கூப்புட்டாத் தெரியுது கண்ணு. என்ன சொல்றாங்கன்னுதான் தெரியாது."

அப்பா ஆணியில் மாட்டியிருந்த சாவிக் கொத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஆட்டிப் பாரு. எனக்கு இந்தச் சன்னச் சத்தம் கேட்டுப் பதினஞ்சு வருசமாச்சு, நான் ஆட்டுனா சத்தம் வருதா இல்லியான்னே எனக்குத் தெரியாது. நீ ஆட்டு."

வாங்கிக்கொண்டு நின்றேன். ஆட்டினால் தெரிந்துவிடும். தெரியாமலே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவள் தலைக்குப் பின்னால் ஆட்டினேன். எனக்குப் பல் கூசுகிற மாதிரி கேட்டது. மித்ரா நத்தையை நகர்த்திக்கொண்டிருந்தாள். வலது காதோரம் ஆட்டினேன். இடது காதோரம் ஆட்டினேன். அவள் திரும்பவில்லை.

எலி ஊத ஆரம்பித்தது. அவள் விரலைத் தூக்கினாள், தலையைத் தூக்கி என் முகத்தைத் தேடினாள். நான் எதிரே இல்லை. பின்னால் நிற்கிறேன். எதிரே உட்கார்ந்த நாட்களில் என் கண் தானாக மேல்மாடிக் கதவுக்குப் போயிருக்கிறது, அவள் அதைப் படித்துத்தான் போட்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போது புரிந்தது. கடிதத்தைக் கரடிக்குப் போட்டாள்.

ஐந்து வருஷம் அவளுக்கு முன்னால் வந்து நின்று, தோளைத் தொட்டு, வாயைத் திறந்து, சத்தமாகப் பேசி, அவளுக்குக் கேட்கவில்லை என்பதே தெரியாமல் நான் பார்த்துக்கொண்டேன். வேறு எந்த வீட்டில் பிறந்திருந்தாலும் ஒரு வருஷத்தில் கண்டுபிடித்திருப்பார்கள்.

6

கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, கோயமுத்தூரில் காது ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பாவும் வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லியும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் போய்ப் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் புகாத அறையில் மித்ராவுக்கு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பாசிமணியை டப்பாவில் போடச் சொன்னாள் காது சோதிக்கிற பெண். கண்ணாடிக்கு வெளியே நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். முதலில் மணி விழுந்துகொண்டே இருந்தது. அப்புறம் இடைவெளி விட்டு விழுந்தது. அப்புறம் மித்ரா மணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நிறையப் பிள்ளைகளைப் பார்த்தவள், முகத்தில் விடையைக் காட்டக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கனத்த சத்தம் எல்லாம் கேட்கிறது, மெலிந்த உச்ச சத்தங்கள் இரண்டு காதிலும் பாதிக்கு மேல் இல்லை என்றார் டாக்டர். பேச்சு காதில் விழுகிறது, அதிலிருக்கிற எழுத்துகள் பல விழவில்லை. காது மெஷின் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியும், இன்னும் ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் பேச்சுக்கு இன்னும் நல்லது என்றார். டிராயரில் கிடக்கிற கடிதம் எனக்குக் கண்ணுக்கு முன்னால் வந்தது. டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. பஸ் நிலையத்துக் கழிப்பறையில் நின்று அழுதேன்.

திரும்பும்போது பர்லியாரில் பஸ் டீக்கு நின்றது என்று எழுதப் பார்த்தேன். அது குன்னூர் ரோடு. நாங்கள் வந்தது கோத்தகிரி ரோடு. பதினோரு வருஷத்தில் சொந்த மலையே கலைந்துபோகிறது. எந்த வளைவிலோ அப்பா என் பக்கம் திரும்பி, "என்கிட்ட இருந்து வந்துச்சா சாமி?" என்று கேட்டார்.

"இல்லீங்கப்பா. மெசின் சத்தத்துல போன காது பிள்ளைகளுக்கு வராதாம். டாக்டர் சொன்னாரு."

"நெசமா சொன்னாரா, நீ சொல்றியா?"

"அவரு சொன்னாருங்கப்பா."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. மடியில் தூங்கிக்கொண்டிருந்த மித்ராவின் காதைக் குளிருக்கு மூடுகிற மாதிரி உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

7

இங்கே திரும்பி வந்து டிராயரைத் திறந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள். நான் உங்களைச் சந்தேகப்பட்டேன் என்பதை ஜெர்மனில் எப்படிச் சொன்னாலும் புகார் மாதிரிதான் ஒலிக்கிறது. மறந்துவிட்டேன் என்று சொன்னேன். பொய்தான். பாலர் பள்ளி டீச்சரிடமும் போய்ச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தமிழைக் குற்றம் சொன்னதற்கு அவளும் வருத்தம் தெரிவிக்கவேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன், தெரிவிக்கவில்லை. அந்தக் கணக்கை நான் இன்னும் மூடவில்லை.

காப்பீட்டுக் கம்பெனிக்கு ஆறு பக்கப் படிவம். 'குறைபாட்டை முதலில் கவனித்தவர்?' என்று ஒரு கட்டம். 'தாத்தா' என்று எழுதினேன். 'அவருடைய தகுதி?' என்று அடுத்த கட்டம். 'தேயிலைத் தொழிற்சாலை, முப்பத்திரண்டு ஆண்டு' என்று எழுதினேன். அங்கிருந்து ஒருவர் போன் செய்து, அது மருத்துவத் துறையா என்று கேட்டார். காது சம்பந்தப்பட்டதுதான் என்றேன்.

அந்தச் செயலிக்காரர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதலாம் என்று இரண்டு தடவை உட்கார்ந்தேன். எழுதவில்லை. என் பெண்ணுக்கு முகம் காட்டாமல் அவளைச் சோதித்தது அது ஒன்றுதான், அது உண்மை. ஆனால் மாதக்கணக்காக எல்லா மேல்மாடிக் கடிதமும் தவறுகிறது என்று அதற்குத் தெரியும். ஒரு வரி, காதைப் பாருங்கள் என்று எழுதியிருக்கலாமே? செல்லோ விற்றது. எனக்குக் கண் இருந்தும் தெரியவில்லை, அதற்குத் தெரிந்தும் அக்கறை இல்லை. இரண்டில் எது மோசம் என்று பிரபு கேட்டார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

காது மெஷின் வந்தது. ஊதா நிறம், மித்ராவே தேர்ந்தெடுத்தது. அதுவும் போனோடு இணைகிறதாம். இணைத்து எங்கே எதை அனுப்புகிறது என்று கேட்டேன், கடைக்காரர் சிரித்தார். மித்ரா முதல் நாள் குழாயைத் திறந்து திறந்து மூடினாள். பிஸ்கட் உறையைக் கசக்கிக் கசக்கிக் கேட்டாள். கதையில் எலிக்குக் கடிதம் போட்டாள், கதவு திறந்தது, ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுப் பிஸ்கட் உறைக்கே போய்விட்டாள். அந்த மாத மின்னஞ்சலில், 'உங்கள் மகளின் ரசனை விரிந்திருக்கிறது' என்று சொல்லிப் புல்லாங்குழல் வகுப்புக்கு அழைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம். அவள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் அடுக்களையிலிருந்து வந்து, சுற்றி முன்னால் போய் நின்று, குனிந்து, தோளைத் தொட்டு, "மித்ரா, தட்டு வெச்சாச்சு, சாப்பிட வா கண்ணு" என்றேன். அவளிடம் ஐந்து வருஷமாகப் பேசுகிற அதே குரல். எனக்கு வேறு குரல் தெரியாது.

அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலியே. ஏன்?"

"அப்புறம் எதுக்கு என்னை எப்பவும் திட்டறே?"

"திட்டல கண்ணு. சாப்பிடத்தான் கூப்பிட்டேன்" என்றேன்.

அதையும் அதே குரலில்தான் சொல்லியிருக்கிறேன். அவள் இன்னும் ஓர் அடி பின்னால் போனாள்.